டிவி மனை நிகழ்ச்சி: பதிவுக்கு முன்பே 30% கேட்டால்?

ஞாயிறு காலை டிவியில் பார்த்த மனைக்கு டோக்கன் கொடுத்துவிட்டீர்கள், இப்போது ஒப்பந்தம் போடும் முன்பே 30% கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கொடுக்காதீர்கள். மனை, வீடு விற்பனையை ஒழுங்குபடுத்தும் ரெரா சட்டத்தின் பிரிவு 13-ன்படி, விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது.

இந்த மாதிரி நிகழ்ச்சிகள் பெரும்பாலும் விற்பவர் காசு கொடுத்து வாங்கிய நேரம்தான். தொகுப்பாளர் புகழ்வது எழுதிக் கொடுத்த வசனம். மூலப்பத்திரத்தை அவர் கண்ணால்கூடப் பார்த்திருக்க வேண்டியதில்லை. முன்கூட்டியே எடுத்த காட்சியில் "இன்று மட்டும் சலுகை" என்பதற்கு என்ன மதிப்பு? "மனைக்குப் பத்தே நிமிடத்தில் போய்விடலாம்" என்பதும் காலி ரோட்டுக் கணக்கு.

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட் (மனைப்பிரிவு) என்றால் ரெரா பதிவு கட்டாயம். விளம்பரத்திலும் அந்த எண் இருக்க வேண்டும். அதைத் தமிழ்நாடு ரெரா தளத்தில் போட்டு, அங்கீகரித்த வரைபடத்தில் உங்கள் மனை எண்ணும் சர்வே எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். திட்டத்தின் முதல் கட்டத்துக்கான ரெரா எண்ணைத் திரையில் காட்டிவிட்டு, பதிவாகாத இரண்டாம் கட்டத்தை விற்பதில்தான் பலர் மாட்டுகிறார்கள்.

பிறகு 30 வருட வில்லங்கச் சான்று (சொத்தின் மீது பதிவான பத்திரங்களின் பட்டியல்), பட்டா இரண்டையும் பாருங்கள். பதிவாகாத ஒப்பந்தம் வில்லங்கத்தில் வராது, அதனால் வக்கீல் கருத்தும் வாங்குங்கள்.

அந்த எபிசோடு யூடியூபில் இருந்தால் இன்றே இறக்கி வையுங்கள். விளம்பரத்தில் பொய் சொல்லியிருந்தால், பிரிவு 12-ன் கீழ் வட்டியோடு பணத்தைத் திரும்பக் கேட்க அதுதான் சாட்சி.