வளையலை அடகு வைக்கும் முன்: க்யூ.சி. லேப் நேர்காணலுக்குத் தயாராவது எப்படி?

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு குடும்பம் ஆலோசனைக்கு வந்திருந்தது. பெண் பி.எஸ்சி. வேதியியல் முடித்திருக்கிறாள். புதுச்சேரி சேதராப்பட்டில் உள்ள ஒரு மருந்துக் கம்பெனி, க்யூ.சி. லேப் (மருந்தின் தரத்தைச் சோதிக்கும் ஆய்வகம்) வேலைக்கு நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறது. "இவளுக்கு நாலு பேர் முன்னால் பேச வராதே" என்பது அம்மாவின் கவலை. அதற்குள் சென்னை மாமா குறுக்கே வந்துவிட்டார். கெமிஸ்ட்ரிக்கு ஏது எதிர்காலம், ஐ.டி.யில் சேர்த்தால்தான் கௌரவம் என்று ஒரு சாப்ட்வேர் பயிற்சி மையத்தில் இடம் பேசி வைத்திருக்கிறார். கட்டணம் 80,000 ரூபாய், கூடவே 'வேலை உத்தரவாதம்'. அம்மாவின் வளையலை அடகு வைத்தால் பணம் தயார்.

முதல் நேர்காணல் என்றால் எல்லோருக்கும் கை நடுங்கும், அது பழகிவிடும் என்று அம்மாவுக்குச் சொன்னேன். ஆறுதல் அவ்வளவுதான். அப்பாவிடம் பேச வேண்டியது வேறு.

ஐயா, அந்த வளையலைத் தொடாதீர்கள். உத்தரவாதம் என்பவர்களிடம் எந்தக் கம்பெனி, என்ன சம்பளம், வேலை கிடைக்காவிட்டால் பணம் திரும்புமா என்று எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் அதுவே பதில். அதைவிட முக்கியம், கம்ப்யூட்டர் படிக்க ஆசையா என்று நான் கேட்டபோது உங்கள் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். டைட்ரேஷன் (ஒரு கரைசலில் இன்னொன்றைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துச் செறிவை அளப்பது) பற்றிக் கேட்டதும் நிமிர்ந்து பேசினாள். மாமா இதைப் பார்க்கவில்லை, நீங்கள் பார்த்தீர்கள்.

வங்கித் தேர்வு, பி.எட்., அரசுத் தேர்வு பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. அவற்றைச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். க்யூ.சி. லேப் பற்றித்தான் யாரும் சொல்வதில்லை. மருந்துக் கம்பெனியில் ஒரு பேட்ச் மாத்திரைகூடச் சோதனையில் தேறாமல் கேட்டைத் தாண்டக் கூடாது. சோதிக்கிற பிரிவு உற்பத்திப் பிரிவின் கட்டுப்பாட்டில் இருக்கக் கூடாது என்பது விதி. சேதராப்பட்டு, திருபுவனை, நம் குடிகாடு சிப்காட் என்று சுற்றிலும் இப்படி லேப் வைத்திருக்கும் ஆலைகள் இருக்கின்றன. தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது, அதை மறைக்கமாட்டேன். ஆனால் இரண்டு மூன்று வருட லேப் அனுபவம் உள்ள கெமிஸ்ட் அடுத்த கம்பெனிக்குப் போகும்போது பேரம் பேச முடியும்.

இனி உனக்குச் சொல்கிறேன், மகளே. அங்கே உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் லேப் மேனேஜர். அவர் உன் ஆங்கிலத்தைவிட உன் கையைத்தான் நம்ப வேண்டும். சோடியம் ஹைட்ராக்சைடை நேரடியாக எடை போட்டுக் கரைசல் செய்தால் செறிவு சரியாக இருக்குமா என்று கேட்பார். இருக்காது, அது காற்றிலிருந்து ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக்கொள்ளும், அதனால் கே.எச்.பி. (பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்) வைத்து ஸ்டாண்டர்டைஸ் செய்ய வேண்டும், அதாவது சரியான செறிவைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று காரணத்தோடு சொல். பியூரெட்டில் அளவு படிக்கும்போது திரவத்தின் கீழ் வளைவைப் பார்ப்போம், பெர்மாங்கனேட் என்றால் அடர்நிறத்தில் கீழ் வளைவு தெரியாது, மேல் விளிம்பைப் பார்ப்போம். பிப்பெட் நுனியில் நிற்கும் கடைசிச் சொட்டை ஊதித் தள்ளக் கூடாது. பி.எச். மீட்டரை பஃபர் (பி.எச். அளவு முன்பே தெரிந்த கரைசல்) வைத்துச் சரிபார்த்த பிறகுதான் சாம்பிளைத் தொட வேண்டும். இதெல்லாம் நீ செய்ததுதான். கல்லூரி லேபில் அனுமதி கேட்டு இன்னொரு முறை செய்து பார். வாய் தானாக வரும்.

அப்புறம், எல்லா லேபிலும் கேட்கக்கூடிய ஒன்று: "பதிவேட்டில் தப்பாக எழுதிவிட்டால் என்ன செய்வாய்?" ஒயிட்னர் கூடாது, மேலே திருத்தி எழுதவும் கூடாது. பழையது படிக்கும்படி ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் காரணமும் போட வேண்டும். ரிசல்ட் வரம்பைத் தாண்டினால்? சரியாக வரும்வரை திரும்பத் திரும்பச் செய்வேன் என்று மட்டும் சொல்லிவிடாதே. உடனே மேலதிகாரியிடம் சொல்வேன், அந்தச் சாம்பிளையும் கரைசலையும் கொட்டாமல் வைத்திருப்பேன் என்று சொல். மருந்து சாப்பிடப் போகிறவர் ஒரு நோயாளி. இந்தப் பதிலில்தான் உன்னை எடை போடுவார்கள்.

எச்.பி.எல்.சி. (கலவையில் உள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவி) இயக்கத் தெரியுமா என்பார்கள். தொட்டதில்லை என்றால் தொட்டதில்லை என்று சொல், ஆனால் அது எப்படிப் பிரிக்கிறது என்பதை நாலு வரியில் விளக்கத் தெரிந்திருக்க வேண்டும். "உன்னைப் பற்றிச் சொல்" என்றால் அப்பா பெயர், பொழுதுபோக்கு என்று ஒப்பிக்காமல் உனக்குப் பிடித்த ஒரு சோதனையைப் பற்றி எளிய ஆங்கிலத்தில் ஐந்தாறு வாக்கியம் பேசு. ஆங்கிலம் தடுமாறினால், தமிழில் சொல்லலாமா சார் என்று கேட்பதில் குற்றமில்லை.

உடைக்குப் புதுச் செலவு வேண்டாம். இஸ்திரி போட்ட சுடிதார், மூடிய செருப்பு, வெட்டிய நகம், பின்னிய முடி போதும். லேபில் வேலை செய்பவள் என்று பார்த்தாலே தெரியும். கடைசியில் அவர்கள் கேட்கச் சொன்னால் ஷிப்ட் நேரம், கம்பெனி வண்டி கடலூர்வரை வருமா, கரைப்பான் ஆவி வெளியேற என்ன ஏற்பாடு என்று தயங்காமல் கேள்.

ஐயா, முந்தின நாளே அவளோடு பஸ்ஸில் ஒருமுறை போய் கேட்டைப் பார்த்துவிட்டு வாருங்கள். புதுச்சேரியில் பஸ் மாறும் நேரம்தான் காலைவாரும். நேர்காணல் அன்று நீங்கள் கேட்டுக்கு வெளியேயே இருங்கள், அவளுக்காக உள்ளே போய்ப் பேசாதீர்கள். சான்றிதழ்களைக் காட்டலாம், ஒரிஜினலை விட்டுவிட்டு வரக் கூடாது. டெபாசிட் என்று யாராவது பணம் கேட்டால், எவ்வளவு பெரிய கம்பெனியாக இருந்தாலும் அவளைக் கூட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் வந்துவிடுங்கள்.