இடக்கை விதி ஃபிளெமிங்கும் பென்சிலின் ஃபிளெமிங்கும் ஒரே ஆளா?

இல்லை, இருவரும் வேறு வேறு ஆட்கள். பள்ளியில் இரண்டையும் படிப்பதால் இந்தக் குழப்பம் வருவது இயல்புதான்.

இடக்கை விதியைத் தந்தவர் ஜான் ஆம்ப்ரோஸ் ஃபிளெமிங் (1849–1945), லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் மின்பொறியியல் பேராசிரியர். இடது கையின் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நீட்டிப் பாருங்கள். ஆள்காட்டி விரல் காந்தப்புலம், நடுவிரல் மின்னோட்டம் என்றால், மின்னோட்டம் பாயும் கம்பி நகரும் திசையைக் கட்டைவிரல் காட்டும். மோட்டாருக்கு இடது கை, ஜெனரேட்டருக்கு வலது கை. ஆனால் அவருடைய பெரிய சாதனை, 1904-இல் உருவாக்கிய வெற்றிடக் குழாய் டயோடு (மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் 'வால்வு') என்பேன். வால்வு ரேடியோக்களின் கதை அங்கேதான் தொடங்குகிறது. நம் பாடங்கள் அதைப் பேசாமல் விரல்களோடு நின்றுவிடுவது எனக்கு வருத்தம்.

பென்சிலின்காரர் அலெக்சாண்டர் ஃபிளெமிங் (1881–1955), ஸ்காட்லாந்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. 1928-இல் விடுமுறை முடிந்து ஆய்வகம் திரும்பியபோது, பாக்டீரியா வளர்த்த ஒரு தட்டில் பூஞ்சை படர்ந்திருந்தது. அதைச் சுற்றி மட்டும் பாக்டீரியாக்கள் அழிந்திருந்தன. அந்தப் பூஞ்சை சுரந்த பொருள்தான் பென்சிலின். 1945-இல், பென்சிலினை மருந்தாக்கிய ஃபுளோரி, செயின் இருவரோடும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அப்புறம், ஜேம்ஸ் பாண்டைப் படைத்த இயான் ஃபிளெமிங், உலக நேர மண்டலங்களுக்காகப் பாடுபட்ட கனடாவின் சாண்ட்ஃபோர்ட் ஃபிளெமிங் என்று இன்னும் சிலரும் உண்டு.

சரி, ஏன் இத்தனை பேர்? 'ஃபிளாண்டர்ஸ் நாட்டுக்காரர்' என்பதுதான் இந்தக் குடும்பப் பெயரின் பொருள். இன்றைய பெல்ஜியம் பக்கத்திலிருந்து இடைக்காலத்தில் பலர் பிரிட்டனில் குடியேறினார்கள். வந்த ஊரே பெயராக ஒட்டிக்கொண்டது.