எல்லாக் கடையிலும் ஒரே சரக்கு. எதற்கு மார்க் போடுவது?

கேள்வி: எனக்கு வயது 28. மதுரை செல்லூரில் இருக்கிறேன். சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி எழுத ஊருக்குள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், பார்களைப் பற்றி எழுத ஆளில்லை. நானும் நண்பனும் சனிக்கிழமைதோறும் பைக்கில் கிளம்பி, ஒரு ராத்திரிக்கு நாலு பார் பார்த்து மார்க் போட்டு எழுதலாம் என்றிருக்கிறோம். சிம்மக்கல், காளவாசல், மாட்டுத்தாவணி, வில்லாபுரம் என்று முதல் வாரப் பட்டியல்கூடத் தயார். ஆனால் எல்லா டாஸ்மாக்கிலும் அதே சரக்கு, அதே விலை. எதை வைத்து மார்க் போடுவது? போட்டோ எடுக்கலாமா? குறை எழுதினால் பார் நடத்துகிறவர்கள் சும்மா விடுவார்களா? தெரிந்த பார் ஒன்றில் சைடு டிஷ்ஷுக்குக் காசே வாங்க மாட்டேன் என்கிறார்கள், அதை ஏற்றுக்கொள்ளலாமா?
— பெயர் வேண்டாம், செல்லூர்

பதில்: தம்பி, முதலில் அந்த நாலில் மூன்றை அடித்துவிடுங்கள். ஒரு ராத்திரிக்கு ஒரு பார் போதும்.

கணக்கைப் பாருங்கள். நம் ஊர் பிராந்தி, விஸ்கி, ரம் பெரும்பாலும் 42.8 சதவீதம். 30 மில்லியில் ஏறக்குறைய 10 கிராம் ஆல்கஹால். ஒரு குவாட்டர் 180 மில்லி, அதில் 60 கிராம். ஒவ்வொரு பாரிலும் ஆளுக்கு ஒரு கட்டிங், அதாவது அரை குவாட்டர் என்றால் 30 கிராம், நாலு பார் முடிவதற்குள் ஆளுக்கு இரண்டு குவாட்டர். 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு ஒரு கட்டிங்கே ரத்தத்தில் 100 மில்லிக்கு 65, 70 மில்லிகிராம் வரை ஏற்றிவிடும். வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் எல்லை 30. ஈரல் மணிக்கு 15 அளவில்தான் குறைக்கும், அதாவது முதல் பாரில் குடித்த கட்டிங் மட்டும் எல்லைக்குள் இறங்கவே இரண்டரை மணி நேரம் வேண்டும். கோரிப்பாளையத்தில் நிறுத்தி ஊதச் சொன்னால் முதல் தடவைக்கு 10,000 ரூபாய் அபராதமோ 6 மாதம்வரை சிறையோ, இரண்டுமேகூட. 'பீர்தானே' என்றும் நினைக்க வேண்டாம். 650 மில்லி பாட்டில் 5 சதவீதமாக இருந்தால் 26 கிராம், 8 சதவீத ஸ்ட்ராங் என்றால் 41 கிராம். கட்டிங்கைவிட அதிகம்.

ஆகவே இருவரில் ஒருவர் அன்றைக்குத் தொடக்கூடாது, வண்டியும் அவர் கையில்தான் இருக்க வேண்டும். அடுத்த வாரம் முறை மாற்றிக்கொள்ளலாம். இது போலீஸுக்குப் பயந்து சொல்வது மட்டுமல்ல. இரண்டு கட்டிங் உள்ளே போன பிறகு உப்பு தூக்கலா குறைவா என்று நாக்கு ஒழுங்காகச் சொல்லாது, கெட்டுப்போன எண்ணெயும் தெரியாது, பக்கத்து மேசைச் சத்தமும் உறைக்காது. மூன்றாவதாகப் போன பாருக்கு எப்போதும் நல்ல மார்க் விழும். அது அந்த பாரின் பெருமையல்ல. குடிக்காதவர் எழுதும் குறிப்புதான் உங்கள் கட்டுரைக்கு அஸ்திவாரம்.

இனி உங்கள் முக்கியக் கேள்வி. 2003இல் சில்லறை விற்பனையை டாஸ்மாக் எடுத்துக்கொண்டதிலிருந்து கடைக்குக் கடை சரக்கில் வித்தியாசம் இல்லை, உண்மைதான். அதனால் சரக்கை விட்டுவிடுங்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் இருப்பது அரசுக் கடை, ஒட்டியிருக்கும் பார் டெண்டரில் எடுத்த தனியாருடையது. அவருக்குக் கிடைத்த உரிமை தின்பண்டம் விற்கவும் காலி பாட்டில் சேகரிக்கவும்தான். சரக்கு விற்க அவருக்கு உரிமை கிடையாது. ஆக, பாருக்கு மார்க் என்றால் தண்ணீர், கிளாஸ், ஐஸ், சைடு டிஷ், உட்காரும் இடம், கழிவறை, பில் இவற்றுக்குத்தான். பீர் கூலிங்காக இல்லையா? அந்த ஃபிரிட்ஜ் கடையுடையது, பாரைத் திட்டாதீர்கள். பகல் 12 மணிக்குக் கடை திறக்கும்போது ராத்திரி முழுக்கக் குளிர்ந்த பாட்டில் கிடைக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் சாயங்காலம் 7 மணிக்கு வாங்குவது அப்போதுதான் உள்ளே போனதாக இருக்கும், ஒரு பாட்டில் ஃபிரிட்ஜில் நன்றாகக் குளிர மூன்று நாலு மணி நேரமாகும். கூலிங்குக்கென்று பாட்டிலில் அச்சிட்ட விலைக்கு மேல் கேட்டால் அது முறையில்லை, எழுதலாம். ஆனால் 10 ரூபாய் கூடக் கேட்டால் பாட்டிலில் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் 10 ரூபாய் திரும்ப வரும். 2022இல் நீலகிரியில் ஆரம்பித்து மற்ற மாவட்டங்களுக்கும் வந்த திட்டம் அது. ஸ்டிக்கரும் இல்லை, பில்லும் இல்லை என்றால்தான் குறை.

பாட்டிலை நீங்களே கவுன்ட்டரில் வாங்கி, மூடி உடையாததைப் பார்த்து, மேசையில் நீங்களே திறங்கள். சப்ளையரை அனுப்பி வாங்கினால் விலையும் கூடும், கைமாறியதும் தெரியாது. ராத்திரி 10 மணிக்குக் கடை மூடிய பிறகு பாருக்குள் 'இருக்கு' என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அதை ருசி பார்த்து விமர்சனம் எழுத வேண்டியதில்லை.

தண்ணீருக்கு முதல் மார்க். இலவசமாகக் குடிநீர் வைக்கிறார்களா, பாட்டில் வாங்கியே ஆக வேண்டுமா என்று எழுதுங்கள். பாட்டில் என்றால் தயாரித்த தேதி இருக்க வேண்டும். பிளாஸ்டிக் கப்பும் தண்ணீர் பாக்கெட்டும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டவை. அவை மேசையில் இருந்தால் அதுவே ஒரு வரி. கண்ணாடி கிளாஸ் என்றால் எங்கே கழுவுகிறார்கள் என்று எட்டிப் பாருங்கள். ஒரே வாளித் தண்ணீரில் முப்பது கிளாஸ் முங்கி எழுகிறதா, குழாயடியில் கழுவுகிறார்களா? ஐஸ் சாக்கில் சுற்றி வந்த பாளத்தை உடைத்ததா, நடுவில் ஓட்டை உள்ள மெஷின் ஐஸா? பாளம் என்றால் அது தரையில் கிடந்ததா என்பதையும் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

சைடு டிஷ்ஷில்தான் மதுரைக்காரர்களுக்கு வாய் நீளும், அங்கே நிதானமாக நில்லுங்கள். எல்லா பாரிலும் ஒரே பண்டத்தைக் கேட்டால்தான் ஒப்பிட முடியும். அதற்கு ஆம்லெட்டைப் போல வேறில்லை. முன்கூட்டிப் போட்டு வைக்க முடியாது, வெங்காயம், பச்சை மிளகாய், மிளகு, எண்ணெய், தோசைக்கல் சூடு எல்லாம் அதில் தெரிந்துவிடும். ஓரம் கருகி நடு வழுவழுவென்று இருந்தால் கல் அதிகச் சூடு. எண்ணெய் தட்டில் தேங்கினால் கல் சூடாவதற்கு முன்னமே ஊற்றிவிட்டார்கள்.

அடுத்து சிக்கன் 65. பெரும்பாலான இடங்களில் மதியமே அரைவேக்காடாகப் பொரித்து வைத்து, கேட்கும்போது மறுபடி எண்ணெயில் போடுவார்கள். அதில் தப்பில்லை, இடையில் அது எங்கே இருந்தது என்பதுதான் விஷயம். மாவு தனியாகக் கழன்று வந்து, உள்ளே கறி நார் நாராகக் காய்ந்திருந்தால் இரண்டு தடவைக்கு மேல் பொரிந்தது. நிறத்தைச் சோதிக்க, ஈரமான வெள்ளை டிஷ்யூவில் ஒரு துண்டை ஒற்றுங்கள். மிளகாயின் நிறம் எண்ணெயோடுதான் சேரும், ஆரஞ்சுக் கறையாக நிற்கும். செயற்கைச் சாயம் தண்ணீரில் கரையும், இளஞ்சிவப்பாகப் படர்ந்துகொண்டே போகும். பொரித்த கோழியில் அந்தச் சாயத்துக்கு அனுமதியில்லை. எண்ணெய்க்குத் தனியாக ஒரு பார்வை தேவை. கருத்து, பாகு மாதிரி இழுத்து, எதுவும் போடாமலேயே நுரைத்து, சீக்கிரம் புகைந்தால் அது பழைய எண்ணெய். அன்றைக்கு வேகவைத்த பண்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

குடல் வறுவல், ரத்தப் பொரியல், ஈரல் மூன்றும் வெள்ளாட்டுக் கறிக்கடை நடக்கும் நாளில்தான் சரியாக இருக்கும். ஞாயிறு மதியம் சாப்பிட்டுப் பார்த்ததை வைத்து வியாழக்கிழமைக்காரனுக்குச் சிபாரிசு செய்தால் உங்கள் பெயர் கெடும். குடலில் வாடை அடித்தால் சரியாக அலசவில்லை, மெல்ல மெல்ல ரப்பராக இழுத்தால் வேக்காடு போதவில்லை. இரண்டும் வேறு வேறு குறை, பிரித்து எழுதுங்கள். வேகவைத்த கடலையும் சுண்டலும் மலிவு என்பதால் யாரும் கவனிப்பதில்லை. மதுரை வெயிலில் மதியம் வேகவைத்தது ராத்திரி 9 மணிக்கு நொச நொசவென்று புளித்துப் போகும், வாயில் போடுமுன் முகர்ந்து பாருங்கள். எல்லாவற்றிலும் உப்பு ஒரு பிடி கூடவே இருந்தால் சமையல்காரரின் கைப்பிழை என்று நினைக்காதீர்கள். உப்பு ஏறினால் தண்ணீர் பாட்டில் விற்கும்.

அளவை எண்ணிக்கையில் எழுதுங்கள். 'நிறைய தருகிறார்கள்' என்பதைவிட 'ஒரு பிளேட்டில் ஒன்பது துண்டு, மூன்று எலும்பு' என்பது வாசகருக்கு உதவும். விலையோடு தேதியும் போடுங்கள். சுவரில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண் மாட்டியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை. கழிவறையை 6 மணிக்கு ஒரு தடவையும் 9 மணிக்கு ஒரு தடவையும் பாருங்கள், அவ்வளவுதான்.

ஒரே தடவை போய் எழுதாதீர்கள். வேலைநாள் மதியம் ஒரு முறை, சனிக்கிழமை 9 மணிக்கு ஒரு முறை. மதியம் விசிறிக்கு அடியில் காலாட்டிக்கொண்டு உட்காரும் அதே இடத்தில், மூடும் நேர நெரிசலில் நின்றுகொண்டே குடிப்பார்கள். திருவள்ளுவர் தினம், குடியரசு தினம், வள்ளலார் நினைவு தினம், மகாவீர் ஜெயந்தி, மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, மிலாடி நபி ஆகிய நாட்களில் கடை கிடையாது. தேர்தல் என்றால் வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரமும் அப்படித்தான்.

டாஸ்மாக் பாருக்குப் பெயர் கிடையாது, அதனால் கடை எண்ணையும் இறங்க வேண்டிய பஸ் ஸ்டாப்பையும் எழுதுங்கள். மனமகிழ் மன்றம் என்று போர்டு போட்ட இடங்கள் உறுப்பினர்களுக்கு உரியவை. யார் வேண்டுமானாலும் போகலாம் என்று நீங்கள் எழுதினால் வாசகருக்கும் சங்கடம், அவர்களுக்கும் சங்கடம். உரிமம் இல்லாத இடத்துக்குப் போகவும் வேண்டாம், எழுதவும் வேண்டாம்.

ஓட்டல் பாருக்கு அளவுகோலே வேறு. அங்கே பெக் கணக்கு, ஸ்மால் 30, லார்ஜ் 60. முத்திரையிட்ட அளவைக் குப்பியில், உங்கள் கண் முன்னால், ஐஸ் போடுவதற்கு முன் ஊற்றச் சொல்லுங்கள். ஐஸ் நிறைந்த அடித்தடிமன் கிளாஸில் 45ம் 60ம் ஒன்றாகத்தான் தெரியும். பில்லில் மதுவுக்கு ஜிஎஸ்டி போட்டிருந்தால் தவறு, மது அந்த வரிக்குள் வரவில்லை. சாப்பாட்டுக்கு 5 சதவீதம் வரும், அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் பெரிய ஓட்டலில் 18. சர்வீஸ் சார்ஜ் கட்டாயமில்லை, எடுக்கச் சொன்னால் எடுக்கிறார்களா என்பதையே மதிப்பீட்டில் சேர்க்கலாம்.

போட்டோவா? தட்டு, விலைப்பலகை, காலி நாற்காலி. மனிதர் வேண்டாம், முதுகுகூட வேண்டாம். நம் ஊரில் சட்டையை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள், அவருக்குப் பெண் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வாசலில் நிற்கும் வண்டி நம்பரும் படத்தில் விழக்கூடாது. உள்ளே செல்போனைத் தூக்கும் முன் மேசைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், பாதித் தகராறு அங்கேயே தீர்ந்துவிடும்.

குறை எழுதுவதில் பயம் வேண்டாம், சொல் கவனம் வேண்டும். 'கேவலமான பார்' என்பது வசவு. 'சனிக்கிழமை இரவு 9 மணிக்குக் கழிவறையில் தண்ணீர் இல்லை' என்பது பார்த்த உண்மை. பொதுநன்மைக்காகச் சொல்லும் உண்மைக்கு அவதூறுச் சட்டத்தில் விலக்கு உண்டு, ஆனால் அது உண்மை என்று காட்ட உங்களிடம் தேதி, நேரம், பில் இருக்க வேண்டும். சரக்கில் கலப்படம் என்று சந்தேகம் வந்தால் கட்டுரையில் எழுதாதீர்கள், சோதனைச்சாலை அறிக்கை இல்லாமல் நிரூபிக்க முடியாது. பாட்டிலை மூடியோடு எடுத்து வைத்துக்கொண்டு மதுவிலக்குப் போலீஸில் புகார் கொடுங்கள். சப்ளையரின் பெயரை எழுதிக் குறை சொல்ல வேண்டாம். அவர் கூலிக்கு நிற்கிறவர், வாளியில் கிளாஸ் முக்கச் சொன்னது அவரல்ல.

கடைசியாக அந்தத் தெரிந்த பார். காசு வாங்கவில்லை என்றால் அதைப் பற்றி எழுதாதீர்கள். 'அடுத்த தடவை பார்த்துக்கலாம்ணே' என்று சொல்லிவிட்டு, சாப்பிட்டதற்கு உண்டான பணத்தை அங்கே ஒட்டியிருக்கும் கியூஆரில் போட்டுவிட்டு வாருங்கள். அவருக்கு உங்கள் முகம் தெரிந்துவிட்டது, இனி உங்கள் தட்டில் மட்டும் எலும்பில்லாத துண்டாக விழும். அந்த பாரை எழுதியே ஆக வேண்டும் என்றால் முகம் தெரியாத நண்பர் ஒருவரை அனுப்பி, அதே ஆம்லெட்டையும் அதே 65ஐயும் வாங்கச் சொல்லி, அவர் கொண்டுவரும் குறிப்பை வைத்து எழுதுங்கள்.