கிரீன் கார்டை நாங்களே திருப்பிக் குடுத்துட்டோம், இப்ப மறுபடி போக முடியுமா?

கேள்வி: அமெரிக்க சிட்டிசனான என் பையன் ஸ்பான்சர் பண்ணி 2014-ல எனக்கும் என் மனைவிக்கும் கிரீன் கார்டு வந்துச்சு. அங்கத்திய குளிர் எங்களுக்கு ஒத்துக்கல, ஸ்ரீரங்கத்து வீட்டை விடவும் மனசில்ல, வருஷத்துல பெரும்பாலும் இங்கதான் இருந்தோம், ஒவ்வொரு தடவை போய் இறங்கும்போதும் ஏன் இவ்வளவு நாள் வெளிய இருந்தீங்கன்னு ஏர்போர்ட்ல கேள்வி. அதனால 2018-ல ஐ-407 ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டு கார்டைத் திருப்பிக் குடுத்துட்டு டூரிஸ்ட் விசா வாங்கிக்கிட்டோம். போன வருஷம் மனைவி தவறிட்டாங்க. 71 வயசுல தனியா இருக்கேன், பையன் வந்துடுங்கப்பாங்கறான். நாமளே வேணாம்னு குடுத்துட்டு மறுபடி கேட்டா பிளாக்லிஸ்ட் பண்ணிடுவாங்கன்னு ஒருத்தர் சொல்றாரு. சொந்தக்காரர் ஒருத்தர், கையில இருக்கற டூரிஸ்ட் விசாலயே போய் அங்கயே மாத்திக்கலாம்ங்கறாரு. எது சரி? பழைய பெட்டிஷனையே திரும்ப எடுக்க முடியுமா?
- வாசகர், ஸ்ரீரங்கம்

பதில்: ஐயா, முதல்ல உங்க வீட்டம்மா தவறினதுக்கு என் வருத்தத்தைச் சொல்லிக்கறேன். இப்படி ஒரு நேரத்துல ஆளாளுக்கு ஒண்ணு சொல்லி உங்கள பயமுறுத்தறது எனக்குக் கோவமா வருது, அதனால நேராவே சொல்லிடறேன். பிளாக்லிஸ்ட் எல்லாம் கிடையாது. கார்டைத் தானா திருப்பிக் குடுத்தவங்க மறுபடி வரக்கூடாதுன்னு அமெரிக்க சட்டத்துல தடை இல்ல, இத்தனை வருஷம் காத்திருக்கணும்னும் இல்ல. 3 வருஷத் தடை, 10 வருஷத் தடைன்னு நீங்க கேள்விப்பட்டிருக்கலாம், அது அனுமதி முடிஞ்சும் அங்கயே 180 நாளுக்கு மேல, ஒரு வருஷத்துக்கு மேலன்னு தங்கிட்டுக் கிளம்பினவங்களுக்கு. நீங்க செஞ்சது அதுக்கு நேர் எதிர். வருஷத்துக்கு ஒரு தடவை போய் தலையக் காட்டிட்டு வந்து கார்டைக் காப்பாத்தப் பாக்கறவங்கதான் மாட்டிக்கறாங்க, நீங்க அமெரிக்காவுல வாழலன்னு முறையா எழுதிக் குடுத்துட்டு வந்தவர்.

ஆனா பழைய கார்டு திரும்பி வராது, பழைய பெட்டிஷனும் அந்தக் கார்டு வந்ததோட தீந்துடுச்சு. ரிட்டர்னிங் ரெசிடென்ட் விசான்னு ஒண்ணு இருக்கு, யாராவது அதைச் சொல்லி உங்ககிட்ட பணம் கேட்டா குடுத்துடாதீங்க, அது திரும்பி வரணும்னு இருந்து தன் கையில இல்லாத காரணத்தால மாட்டிக்கிட்டவங்களுக்கு, வேணாம்னு கையெழுத்துப் போட்டவருக்குப் பொருந்தாது. உங்க பையன் புதுசா ஐ-130, அதாவது சொந்தக்காரங்களை ஸ்பான்சர் பண்ற பெட்டிஷன், ஃபைல் பண்ணணும், அவ்வளவுதான் வழி. நல்ல விஷயம் என்னன்னா, 21 வயசு தாண்டின சிட்டிசனோட அப்பா அம்மாவுக்கு வருஷத்துக்கு இத்தனை பேர்தான்ங்கற கணக்கு இல்ல, வரிசை இல்ல. இதே நீங்க அண்ணன் தம்பி ஸ்பான்சர்ல போயிருந்து கார்டைக் குடுத்திருந்தீங்கன்னா கஷ்டம், அந்த வரிசையில 2006 வாக்குல ஃபைல் பண்ண இந்தியர்களுக்கே 2025-லதான் முறை வந்துக்கிட்டிருந்துச்சு.

செலவு, 2024 ஏப்ரல் கட்டணப்படி ஐ-130-ஐ ஆன்லைன்ல போட்டா 625 டாலர், பேப்பர்ல 675. அது பாஸாக ஒரு வருஷத்துக்கு மேலயே ஆகும்னு வெச்சுக்குங்க. அப்புறம் நேஷனல் விசா சென்டர்ல ரெண்டு கட்டணம், டிஎஸ்-260ங்கற குடியேற்ற விசா விண்ணப்பம், மெடிக்கல், பாஸ்போர்ட் ஆபீஸ்ல போலீஸ் கிளியரன்ஸ், கடைசியா கான்சுலேட் இன்டர்வியூ, அதுக்கு மும்பை வரைக்கும் போக வேண்டியிருக்கும். பையன் உங்க செலவுக்கு நான் பொறுப்புன்னு புதுசா ஐ-864 உறுதிமொழியும் குடுக்கணும், உங்களையும் சேர்த்து அவங்க குடும்பத்துல எத்தனை பேரோ அதுக்கான வறுமைக்கோட்டு வருமானத்துல 125 சதவீதமாவது அவர் சம்பாதிக்கணும். 2014-ல கையெழுத்துப் போட்ட பழைய பொறுப்பு நீங்க கார்டைக் குடுத்துட்டு நாட்டை விட்டு வந்தப்பவே முடிஞ்சுபோச்சு.

இதுல நான் ரொம்ப அழுத்திச் சொல்றது ஒரே ஒரு இடம். ஃபார்ம் நிரப்பும்போது பழைய கிரீன் கார்டுல இருந்த ஏ-நம்பரை எழுதுங்க, முன்னாடி கிரீன் கார்டு இருந்துச்சு, இந்த வருஷம் திருப்பிக் குடுத்தேன்னு எழுதுங்க. சில ஏஜென்ட்டுங்க எதுக்கு வம்புன்னு அந்தக் கட்டத்தைக் காலியா விடச் சொல்றாங்க, அது படு மோசமான யோசனை, அவங்ககிட்ட உங்க ஃபைலும் கைரேகையும் ஏற்கெனவே இருக்கு. குடுத்தது தப்பே இல்ல, மறைச்சாதான் பொய் சொன்னதா ஆகும், அந்தப் பொய்க்கு ஆயுள் தடையே உண்டு. ஐ-407 நகல் இருந்தா இன்டர்வியூவுக்கு எடுத்துட்டுப் போங்க. அன்னைக்கு ஏன் குடுத்தீங்க, இன்னைக்கு ஏன் வர்றீங்கன்னு கட்டாயம் கேப்பாங்க. நீங்க என்கிட்ட எழுதினதையே சொல்லுங்க, அதுக்கு மேல ஒரு வார்த்தை ஜோடிக்க வேணாம்.

சொந்தக்காரர் சொன்னதைச் செய்யாதீங்க. அங்க போய் ஐ-485 போட்டு மாத்திக்கறதுக்கு சட்டத்துல இடம் இருக்குங்கறது உண்மைதான், ஆனா தங்கறதுக்குன்னே முடிவு பண்ணிட்டு சும்மா பாத்துட்டு வர்றேன்னு ஏர்போர்ட்ல சொன்னீங்கன்னா அதுவே பொய், 71 வயசுல அந்தக் கத்தி தலைக்கு மேல வேணாம் ஐயா.

அதே விசாவ வேற விதமா உபயோகிக்கலாம்னு எனக்குத் தோணுது. பெட்டிஷன் போடறதுக்கு முன்னாடி ஒரு குளிர்காலம் பையன் வீட்ல போய் இருந்துட்டு வாங்க, வழக்கமா 6 மாசம் வரைக்கும் குடுப்பாங்க. ஒத்துக்காத குளிர் இப்பவும் அதே குளிர்தான், போன தடவை பேச்சுத்துணைக்கு உங்க வீட்டம்மா இருந்தாங்க, இந்தத் தடவை பையனும் மருமகளும் வேலைக்குப் போனப்புறம் சாயந்திரம் வரைக்கும் வீட்ல நீங்க மட்டும்தான். அப்படி இருந்து பாத்துட்டும் போகணும்னு தோணுச்சுன்னா தாராளமா போடச் சொல்லுங்க.

எல்லாமே முதல்லேர்ந்து எண்ணுவாங்கங்கறதையும் தெரிஞ்சுக்குங்க. சிட்டிசன்ஷிப்புக்கான 5 வருஷம் புது கார்டு தேதியிலேர்ந்துதான். 10 வருஷம் வேலை பாத்து வரி கட்டாதவங்க பிரீமியம் கட்டி மெடிகேர்ங்கற அரசாங்க முதியோர் மருத்துவ இன்சூரன்ஸ் வாங்கறதுக்கும் தொடர்ச்சியா 5 வருஷம் அங்க இருந்திருக்கணும், அதுவரைக்கும் இன்சூரன்சுக்கு என்ன வழின்னு பையன் இப்பவே கணக்குப் போடட்டும், வயசையும் உடம்பையும் பாத்து அரசாங்கத்துக்குப் பாரமாவாங்களான்னு யோசிக்க ஆபீசருக்கு சட்டம் அதிகாரம் குடுத்திருக்கு. கார்டு வந்தப்புறம் ஏதாவது காரியமா இங்க ஒரு வருஷத்துக்கு மேல இருக்க வேண்டி வந்தா, அங்கேர்ந்து கிளம்பறதுக்கு முன்னாடியே ரீ-என்ட்ரி பர்மிட்டுக்கு அப்ளை பண்ணிடுங்க, 2 வருஷம் வரைக்கும் செல்லும். போன தடவை அது இருந்திருந்தா ஏர்போர்ட்ல அத்தனை சங்கடம் இருந்திருக்காது.

கேள்வி: 2017-ல கனடா பிஆர் (நிரந்தரமா தங்கற அனுமதி) வாங்கி சில மாசம் இருந்துட்டுத் திரும்பிட்டோம். கார்டு 2022-ல காலாவதி ஆயிடுச்சு. அக்கா வீட்டுக் கல்யாணத்துக்கு டொராண்டோ போக விசிட்டர் விசா கேட்டா, நீங்க இன்னும் பிஆர்ங்கறாங்க. பிஆர் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டா அப்புறம் எப்பவுமே கிடைக்காதா? எனக்கு 38 வயசு.
- வாசகி, கோவை

பதில்: அவங்க சொன்னது சரிதாம்மா. கார்டு காலாவதியானாலும் ஸ்டேட்டஸ் தானா போகாது, 5 வருஷத்துல 730 நாள் இருக்கலன்னு அவங்க முடிவு பண்ணி எடுக்கணும், இல்ல நீங்களா எழுதிக் குடுக்கணும். குடுத்தா விசிட்டர் விசா கேக்கலாம், பின்னாடி மார்க் போட்டு ஆள் எடுக்கற எக்ஸ்பிரஸ் என்ட்ரியில புது ஆளா வரலாம், தடை எதுவும் இல்ல. ஆனா அப்ப இருந்த மார்க் இப்ப இருக்காது, 30 வயசிலேர்ந்து வருஷா வருஷம் குறைஞ்சு 45-ல வயசுக்கான மார்க் பூஜ்யம் ஆயிடும், இங்கிலீஷ் டெஸ்ட்டும் 2 வருஷத்துக்குத்தான் செல்லும், மறுபடி எழுதணும். திரும்பிப் போய் குடியேறுற எண்ணம் நிஜமாவே இருந்தா கல்யாண அவசரத்துல கையெழுத்துப் போட்டுடாதீங்க, அங்க இருக்க முடியாமப் போனதுக்கு அழுத்தமான காரணம் இருந்தா அதைச் சொல்லி கார்டு இல்லாம பிஆராவே உள்ள போறதுக்கான பிஆர் டிராவல் டாக்குமெண்ட் கேட்டுப் பாக்கலாம், மறுத்தாலும் 60 நாளுக்குள்ள அப்பீல் போகலாம். அந்த எண்ணமே இல்லன்னா எழுதிக் குடுத்துட்டு நிம்மதியா கல்யாணத்துக்குப் போயிட்டு வாங்க.

கேள்வி: சிங்கப்பூர்ல குடும்பத்தோட பிஆரா இருந்தோம். பையனுக்கு 12 வயசாகும்போது எல்லாரும் பிஆரை விட்டுட்டு சிபிஎஃப் (அங்கத்திய பிராவிடண்ட் ஃபண்ட்) பணத்தையும் எடுத்துட்டு ஊருக்கு வந்துட்டோம். இப்ப இன்ஜினியரிங் முடிச்ச பையனுக்கு அங்க ஒரு கம்பெனி வேலை தர்றேங்குது. பிரச்சினை வருமா?
- வாசகர், காரைக்குடி

பதில்: வரலாம் சார். பெரியவங்க நீங்க மறுபடி கேட்டா புது விண்ணப்பமா பாப்பாங்க, குடுக்கறதும் குடுக்காததும் அவங்க இஷ்டம். பையன் விஷயம் வேற. அப்பா அம்மா மூலமா பிஆர் ஆன ஆம்பளப் பிள்ளைங்க நேஷனல் சர்வீஸ்ங்கற கட்டாய ராணுவ சேவை செய்யணும், 16 வயசு 6 மாசத்துலயே அதுக்குப் பதிவு பண்ணணும், அதைச் செய்யாம பிஆரை விட்டவங்க பின்னாடி வேலைக்கோ படிப்புக்கோ விண்ணப்பிச்சா அது பாதகமா இருக்கும்னு அந்த அரசாங்கம் வெளிப்படையாவே சொல்லியிருக்கு. 12 வயசுப் பையன் எடுத்த முடிவு இல்ல அது, ஆனாலும் அந்தக் கணக்கு அவன் பேர்லதான் நிக்குது. கம்பெனிகிட்ட பழைய பிஆர் விவரத்தை முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்க, வொர்க் பாஸ் அப்ரூவல் கைக்கு வர்ற வரைக்கும் இங்க கிடைக்கற வேலைய விட வேணாம்.