பார்வை குறைந்த அம்மாவுக்குக் கைப்பேசி உதவுமா?

கேள்வி: நீரிழிவால் என் அம்மாவின் பார்வை மிகவும் குறைந்துவிட்டது. கடிதங்களையும் மருந்து உறைகளையும் அவரே வாசித்து அறியச் செயற்கை நுண்ணறிவு உதவுமா? – வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: நிச்சயமாக உதவும். மைக்ரோசாஃப்ட் 2017இல் வெளியிட்ட ‘சீயிங் ஏஐ’ என்ற இலவசச் செயலி, கேமராவைக் கடிதத்துக்கு நேரே பிடித்தால், தாளின் எந்த ஓரம் படத்துக்குள் வரவில்லை என்பதைக் குரலில் சொல்லி, சரியாக அமைந்ததும் தானே படமெடுத்து வாசிக்கும். ‘பி மை ஐஸ்’ செயலியிலோ, 2023 முதல், எடுத்த படத்தைப் பற்றி “கட்டணம் எவ்வளவு, கடைசி நாள் எது?” என்று தொடர்ந்து கேட்கலாம், ஐயமிருந்தால் பார்வையுள்ள தன்னார்வலர் ஒருவரைக் காணொளியில் அழைக்கலாம். தன்னார்வலரை அழைக்கும் இந்த வசதியையே நான் பெரிதாக மதிக்கிறேன். ஏனெனில், மங்கிய எழுத்தைச் செயற்கை நுண்ணறிவு தயக்கமின்றித் தவறாகச் சொல்லிவிடக்கூடும். 5 மில்லிகிராம் 50 ஆகிவிட்டால் என்னாவது? மருந்தின் அளவுக்கு மட்டும் அதை நம்பாதீர்கள். காலை மருந்துப் புட்டிக்கு ஒரு ரப்பர் வளையம், இரவு மருந்துக்கு இரண்டு என்று மாட்டிவிட்டால் விரலே கண்டுகொள்ளும்.

சிங்கப்பூரின் லெங்கோக் பாருவில், உடற்குறையுள்ளோருக்கான எனேபிளிங் வில்லேஜ் வளாகத்தில் உள்ள ‘டெக் ஏபிள்’ நிலையத்துக்கு அம்மாவை அழைத்துச் செல்லுங்கள். உதவிக் கருவிகளை அவரே தொட்டுப் பழகிப் பார்க்கட்டும். கருவி வாங்க நேர்ந்தால், குடும்ப வருமானத்தைப் பொறுத்து, அரசின் துணைத் தொழில்நுட்ப நிதி 90 விழுக்காடு வரை செலவை ஏற்கும்.