கப்பிச் சத்தமும் நாலு மணித் தேநீரும்

கேள்வி: எனக்கு வயது 57. ராமநாதபுரம் ஜில்லாவில் உச்சிப்புளிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். 26 வருஷம் சவூதியில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு, போன தை மாதம் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டேன். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவில் வந்துபோன வீடு இது. மகளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது, மகன் கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறான். கடன் எதுவும் இல்லை. ஆனாலும் காலையில் எழுந்தால் பொழுது மலைபோல எதிரே நிற்கிறது. மதுரையிலிருந்து பன்னிரண்டு ரோஜாச் செடிகள் வாங்கி வந்து வைத்தேன். ஆடி முடிவதற்குள் ஒன்பது கருகிவிட்டன. கிணற்றில் மோட்டார் போடலாம் என்றால் மனைவி சம்மதிக்கவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கே கயிறும் வாளியுமாகக் கப்பியைக் கிறீச்சிட வைக்கிறாள். புதிதாக டைல்ஸ் ஒட்டிய மாடியில் மிளகாய் காயப்போட்டாள். சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு டம்ளர் டீயோடு பூவரசமரத்தடியில் போய் உட்கார்ந்துவிடுகிறாள். நானும் போய் உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறாள். அவளுக்கு இவ்வளவு போதுமாக இருக்கிறது. எனக்கு ஏன் போதவில்லை? இந்தச் சின்னச் சின்ன சந்தோஷங்களை நான் எப்படிப் பழகிக்கொள்வது?
— பெயர் வேண்டாம்

பதில்: தம்பி, முதலில் ஒரு கணக்குப் போட்டுவிடலாம். 26 வருஷத்தில் பதின்மூன்று லீவு. லீவுக்கு இரண்டு மாதம். ஆக மொத்தம் இந்த வீட்டில் நீங்கள் இருந்தது 26 மாதம். உங்களைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. அந்த வீடு எழும்பியது உங்கள் வியர்வையில் என்பது உங்கள் மனைவிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் மீதி 24 வருஷத்துக்கு அந்த வீட்டுக்கு ஒரு நடை, ஒரு நேரம், ஒரு ஒழுங்கு உண்டாகியிருக்கிறது. அதை உண்டாக்கியவர் ஐந்து மணிக்குக் கப்பியை இழுப்பவர். நீங்கள் லீவில் வந்தபோதெல்லாம் அதை உங்களுக்காக ஒதுக்கி வைத்திருப்பார். இரண்டு மாதம் ஒதுக்கி வைக்கலாம். ஆயுசு முழுக்க முடியுமா?

என் வீட்டுக்காரர் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரம் அடுக்களைக்குள் வந்தார். எல்லா டப்பாவிலும் பெயர் எழுதி ஒட்டினார். மிளகாய்த்தூள் இருந்த டப்பாவில் ‘மிளகாய்த்தூள்’ என்று. முப்பது வருஷமாக எனக்கு அது தெரியாதது போல! எட்டு மாதம் வீட்டில் ஒரே உரசல். பிறகு அவராகவே மொட்டைமாடியில் நெத்திலி காயப்போடத் தொடங்கினார். காக்கைகளோடு தினமும் ஒரு யுத்தம். கவண் செய்தார், பழைய சி.டி. கட்டித் தொங்கவிட்டார், ஒன்றுக்கும் காக்கை மசியவில்லை. மனிதர் முகத்தில் களை வந்துவிட்டது. நான் சொல்லி அவர் மாடிக்குப் போகவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது மோட்டார் விஷயம். இதில் நான் முழுக்க உங்கள் மனைவியின் பக்கம். கடலோர மணலில் நமக்குக் கிடைக்கிற நல்ல தண்ணீர் என்பது பெய்த மழை மணலுக்குள் இறங்கி, அடியிலிருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் எண்ணெய்போல மிதந்துகொண்டிருப்பது. உப்புத் தண்ணீர் கனம், மழைத் தண்ணீர் லேசு. அதனால்தான் தனுஷ்கோடியில் கடலுக்குப் பக்கத்திலேயே கையால் மணலைத் தோண்டினால் குடிக்கிற தண்ணீர் ஊறுகிறது. ஆனால் மேலே நல்ல தண்ணீர் மட்டம் 1 அடி இறங்கினால் கீழேயுள்ள உப்பு சுமார் 40 அடி மேலேறி வரும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்கள் போடும் கணக்கு. வாளியால் இறைக்கிறபோது கிணறு ஊறுவதற்கு நேரம் கிடைக்கிறது. சின்ன மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓட்டினால் குடி முழுகிவிடாதுதான். ஆனால் மோட்டார் போட்டவர் கொஞ்ச நேரத்தில் நிறுத்திய கதையை நான் கேட்டதில்லை. எங்கள் தெருவில் ஒருவர் ஆழ்துளை போட்டுத் தென்னைக்குப் பாய்ச்சினார். இரண்டு கோடையில் ஓலை நுனியெல்லாம் கருகி, டீ வைத்தால் திரிந்துபோகிற தண்ணீராகிவிட்டது. உங்கள் மனைவி இந்தக் கணக்கைப் படித்திருக்க மாட்டார். தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்துப் பார்த்தே தெரிந்துகொண்டிருப்பார்.

அதற்காக அவர் ஒருவரே இறைக்க வேண்டும் என்பது நியாயமில்லை. அவருக்கும் ஐம்பது தாண்டியிருக்குமே. நாளையிலிருந்து அந்த வாளியை நீங்கள் பிடியுங்கள். செடிக்கு எத்தனை வாளி, எந்தச் செடிக்கு முதலில் என்பதை அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களாக அட்டவணை போடாதீர்கள். கப்பிக்கு எண்ணெய் விடுவதையும் கேட்டுவிட்டே செய்யுங்கள். உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிற அந்தச் சத்தம் அவருக்கு விடிந்ததற்கு அடையாளமாக இருக்கலாம்.

இதை நான் யோசித்துச் சொல்லவில்லை, பட்டுச் சொல்கிறேன். நான் இருப்பது ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். புதுப் பாலம் திறந்தது 2025 ஏப்ரலில். அந்த இரண்டேகால் வருஷம் தீவுக்குள் ரயில் சத்தமே இல்லை. அதற்குமுன் ஒருநாளும் அந்தச் சத்தத்தை நான் ரசித்ததாக நினைவில்லை, ‘சனியன், பால் பொங்குவதுகூடக் காதில் விழவில்லை’ என்று திட்டியிருக்கிறேன். நின்றபிறகுதான், சாயங்கால விளக்கை நான் ஏற்றி வந்ததே அந்தச் சத்தத்தை வைத்துத்தான் என்று தெரிந்தது.

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். சவூதியில் உங்களுக்கு என்ன பிடித்திருந்தது? ‘ஒன்றுமில்லை, உழைத்தேன்’ என்று சொல்லாதீர்கள். 26 வருஷம் ஒரு மனிதன் வெறும் உழைப்பில் ஓட்ட முடியாது. வெள்ளிக்கிழமை அறைக்காரர்கள் சேர்ந்து ஆக்கிய சோறா? வேலை முடிந்து குளித்துவிட்டு வெளியே வந்து நிற்கிற ஐந்து நிமிடமா? பழுதான ஒரு மெஷின் மறுபடி உறுமத் தொடங்குகிற அந்த நொடியா? இவற்றில் ஏதோ ஒன்று இப்போது உங்களுக்கு இல்லாமல் போயிருக்கிறது. அதை ஏக்கம் என்று சொல்ல உங்களுக்குக் கூச்சம், ஏனென்றால் ஊர் திரும்பியவன் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். மனைவியின் பூவரச நிழலைக் கடன் கேட்கிறதைவிட, இந்த ஏக்கத்தைக் கொஞ்சம் கிளறிப் பாருங்கள். சமைக்கத் தெரிந்தவராக இருந்தால் வெள்ளிக்கிழமை அடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பாத்திரத்தையும் நீங்களே கழுவுவதாக இருந்தால் மட்டும். கை பழகிய வேலை என்றால், அக்கம்பக்கத்தில் ஓடாத மிக்சியும் சுற்றாத மின்விசிறியும் இல்லாத வீடு ஏது?

மீன் வாங்கும் வேலையையும் கேட்டுப் பாருங்கள். உங்கள் ஊருக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது. பலருக்கு அது வாய்க்காது. வடக்கே சைக்கிளை மிதித்தால் அரியமான், நாம் பெண்கடல் என்கிற பாக் நீரிணை. தெற்கே மிதித்தால் புதுமடம், ஆண்கடல் என்கிற மன்னார் வளைகுடா. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசுகிற மாதங்களில் தென்கடல் குமுறும், வடகடல் குளம்போலக் கிடக்கும். ஐப்பசியில் வடகிழக்கிலிருந்து வாடைக் காற்று திரும்பினால் அப்படியே மாறிப்போகும். இன்று எந்தக் கடல் சாது என்று காற்றை வைத்துக் கணித்து, அந்தப் பக்கம் போய் நிற்பது ஒரு விளையாட்டு. கணிப்பு தப்பினால் கையை வீசிக்கொண்டு வர வேண்டும், அவ்வளவுதான். சீலா மீன்தான் வேண்டும் என்று நிற்காதீர்கள். விடியற்காலை நாட்டுப் படகில் கரைக்கு வந்த சூடை என்கிற பொடி மீன், ஐஸ் பெட்டியில் நாலு நாள் கிடந்த சீலாவைவிட மேல். முள் எடுத்துத் தின்னப் பொறுமை வேண்டும். உங்களிடம்தான் பொழுது மலைபோல நிற்கிறதே!

ரோஜா செத்ததற்கு வருத்தப்படாதீர்கள். கச்சானோடு வருகிற மணலும் உப்பும் அதன் இலைக்கு ஆகாது. எனக்குச் சிரிப்பு வந்தது வேறொன்றுக்கு. நீங்கள் மதுரையிலிருந்து செடி வாங்கி வந்தீர்களே, மதுரைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு மல்லிகை நாற்றுப் போவதே எங்கள் தங்கச்சிமடத்திலிருந்துதான். இந்த மணலில் குச்சியை ஊன்றி, வேர் பிடிக்க வைத்துக் கட்டுக்கட்டாக அனுப்புகிறார்கள். மணல் என்பதால் பிடுங்கும்போது வேர் அறுவதில்லை. ஐப்பசி மழைக்கு முன்னால் ஒருநாள் பஸ் ஏறி வந்து நாலே நாலு நாற்று வாங்கிப் போங்கள். பன்னிரண்டு வேண்டாம். கிணற்றடிக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவில், வெயில் விழுகிற இடமாகப் பார்த்து வையுங்கள். முதல் வருஷம் பெரிதாகப் பூக்காது. தையில் கவாத்து செய்யும்போது மனசு பதறும், வெட்டத்தான் வேண்டும். மொட்டுகளைக் காலையில், வெயில் ஏறுமுன் பறித்துவிட வேண்டும். கட்டுவதற்கு வாழைநாரை நனைத்து வைப்பது யார் என்பதை நீங்கள் இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். மிச்சமிருக்கிற மூன்று ரோஜாவையும் பிடுங்காதீர்கள். பிழைத்ததைப் பிடுங்கக் கூடாது.

மாடியில் காய்ந்தது முண்டு மிளகாயாகத்தான் இருக்கும். நம் ஜில்லாவின் அந்த உருண்டை மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடே கொடுத்துவிட்டார்கள், உங்கள் டைல்ஸில் நாலு நாள் இடம் கொடுக்கக் கூடாதா? கறை துடைத்தால் போய்விடும்.

ஒன்று மட்டும் விளையாட்டில்லாமல் சொல்கிறேன். பல வாரமாகத் தூக்கம் சரியில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்ற நிலை இருந்தால், தோட்டமும் மீனும் அதற்கு மருந்தாகாது. மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்கிற சாக்கில் போனாலும் சரி, மனசைப் பற்றியும் வாய் திறந்து சொல்லுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடைசியாக அந்த நாலு மணி. அவர் எழுந்து போவது உங்கள்மேல் உள்ள கோபத்தால் இருக்காது. நீங்கள் உட்கார்ந்ததும் ஏதாவது கேட்டிருப்பீர்கள்: ‘என்ன பார்க்கிறாய்?’, ‘மகன் போன் செய்தானா?’, ‘இந்தக் கிளையை வெட்டிவிடலாமா?’ பகல் முழுக்க ஓடியவருக்கு அது ஒன்றுதான் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத நேரம். ஒரு மாதம் அந்தப் பக்கம் போகாதீர்கள். போகிற நாளில் உங்கள் டீயை நீங்களே போட்டு எடுத்துக்கொண்டு போங்கள், அவருக்கும் ஒரு டம்ளர். வாயைத் திறக்க வேண்டாம். அண்ணாந்து பார்த்தால் போதும். காலையில் எலுமிச்சை மஞ்சளாக விரிந்த பூவரசம்பூ அந்நேரத்துக்குள் நிறம் மாறத் தொடங்கியிருக்கும். உள்ளே அடியில் குங்குமக் கறை போல ஒரு வட்டம் இருக்கும், அதை எட்டிப் பார்க்கக் கொஞ்சம் கழுத்து வலிக்கும். மறுநாள் காலையில் நீங்கள் தண்ணீர் இறைக்கப் போகும்போது அதே பூ கிணற்றடியில் விழுந்து கிடக்கும். எந்த நிறத்தில் கிடந்தது என்று எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.