ரத்தம் கொடுத்தால் மறுபடி ஊற எத்தனை நாள் ஆகும்?

350 மில்லி ரத்தம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறீர்கள், அது எங்கே, எத்தனை நாளில் ஊறும் என்று கேட்கிறீர்கள். நான் வண்ணாரப்பேட்டையில் ஒரு சின்ன லேபில் ரத்தம் எடுக்கும் வேலை பார்க்கிறேன். 2 மில்லி எடுத்தாலே, "இன்னா சார், இவ்ளோ எடுத்துக்கினே, திரும்ப ஊறுமா?" என்று ஹார்பரில் மூட்டை தூக்கும் ஆள்கூடக் கேட்பார்.

ஊறும் என்கிற சொல் ரத்தத்தில் பாதிக்குத்தான் பொருந்தும். ஊதா மூடி போட்ட டியூபை மெஷினில் வைத்துச் சுற்றி எடுத்தால் தெரியும். மேலே வெளிர் மஞ்சளாகத் தெளிந்து நிற்பது பிளாஸ்மா. மொத்தத்தில் ஏறக்குறைய 55 சதவீதம் அதுதான், அதிலும் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அடியில் கெட்டியாகச் சிவப்பணுக்கள். இரண்டுக்கும் நடுவே நூல் போல ஒரு வெள்ளைக் கோடு. வெள்ளை அணுக்களும், காயத்தில் ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டும் சேர்ந்தே அவ்வளவுதான்.

பிளாஸ்மா நிஜமாகவே கிணறு மாதிரி. தண்ணீர் நன்றாகக் குடித்தால் ஒன்றிரண்டு நாளில் அளவு சரியாகிவிடும். அணுக்கள் அப்படி இல்லை, ஒவ்வொன்றையும் எலும்பு மஜ்ஜை செய்தாக வேண்டும். குழந்தைகளுக்கு அநேகமாக எல்லா எலும்பிலும் இந்த வேலை நடக்கும். பெரியவர்களுக்கு இடுப்பு, முதுகெலும்பு, விலா, மார்பெலும்பு போன்ற சிலவற்றில்தான். சிவப்பணு, வெள்ளை அணு, பிளேட்லெட் எல்லாமே அங்கிருக்கும் ஸ்டெம் செல் என்கிற ஒரே தாய் அணுவிலிருந்து கிளை பிரிந்தவை.

சிவப்பணு எவ்வளவு வேண்டும் என்று மஜ்ஜைக்குச் சொல்லி அனுப்புவது கிட்னி. ஆக்சிஜன் குறைந்தால் எரித்ரோபொய்டின் என்கிற ஹார்மோனை அது கூடுதலாகச் சுரக்கும். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கு ஹீமோகுளோபின் (சிவப்பணுவுக்குள் ஆக்சிஜனைச் சுமக்கும், இரும்பு உள்ள பொருள்) இறங்குவதும், அவர்களில் பலருக்கு அதே ஹார்மோனை ஊசியாகப் போடுவதும் இதனால்தான்.

பிளேட்லெட் முழு அணுவே இல்லை. மஜ்ஜையில் இருக்கும் ஒரு ராட்சத அணு பிய்ந்து பிய்ந்து விழும் துண்டு அது. ஆயுள் 7 முதல் 10 நாள். இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால், மச்சானுக்கு டெங்கு வந்து பிளேட்லெட் வாங்கிவர ஓடினேன். காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போகிறவன் மாதிரி கையில் ஐஸ் பெட்டி! ரத்த வங்கியில் இருந்த அம்மா சிரித்துவிட்டார். ஐஸில் வைத்தால் அது கெட்டுப்போகுமாம். 20 முதல் 24 டிகிரியில், ஒரு தட்டில் தொட்டில் போல ஆடிக்கொண்டே இருக்க வேண்டும், அதுவும் 5 நாளைக்குத்தான்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். சிவப்பணு மஜ்ஜையை விட்டு வெளியே வருமுன் தன் உட்கருவையே கழற்றிப் போட்டுவிடும், ஹீமோகுளோபினுக்கு இடம் வேண்டுமே. உட்கரு இல்லாததால் தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ள முடியாது, 120 நாளில் ஓய்ந்துவிடும். கிழடானவற்றை உடைக்கும் முக்கியமான இடம் மண்ணீரல். உடைத்ததில் கிடைக்கும் இரும்பு வீணாகாமல் மறுபடி மஜ்ஜைக்கே போகும். தானமாகக் கொடுத்த ரத்தத்தின் இரும்பு மட்டும் திரும்பி வராது. 350 மில்லியில் போவது சுமார் 150 மில்லிகிராம், சாப்பாட்டிலிருந்து ஒரு நாளைக்கு உடம்பு எடுத்துக்கொள்வதோ 1 முதல் 2 மில்லிகிராம். கணக்குப் போட்டுப் பாருங்கள். அணுக்களின் எண்ணிக்கை ஒன்றிரண்டு மாதத்தில் தேறிவிடும், இரும்புச் சேமிப்புதான் மெதுவாக நிரம்பும். நம் நாட்டில் அடுத்த தானத்துக்கு ஆண்கள் 90 நாளும் பெண்கள் 120 நாளும் பொறுக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள்.

பீட்ரூட் ஜூஸை நம்பி இருக்காதீர்கள். அந்தச் சிவப்பு வேறு சாயம். எங்கள் ஆயா சொன்ன சுவரொட்டிதான் சரி. சுவரொட்டி என்பதே ஆட்டின் மண்ணீரல்தானே, இரும்பு அங்கே சேராமல் வேறெங்கே சேரும்? சாப்பிட்ட கையோடு டீ மட்டும் வேண்டாம், இரும்பை உடம்பில் சேரவிடாது. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்குக் கொஞ்சம் சீக்கிரமாகவே போங்கள். ஒரு ஆட்டுக்கு ஒன்றுதான், எட்டு மணிக்கெல்லாம் தீர்ந்துவிடும்.